கவுன்சிலர் வீட்டுக்காரர்

தண்ணீரை முதலில் குடியுங்கள் அம்மா, வெயிலில் வந்திருக்கிறீர்கள். டம்ளர் பழசு, விளிம்பு கொஞ்சம் கூராக இருக்கும், உதட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் 'மூர்த்தி' என்று வெட்டியிருப்பது என் பெயர்தான். திருவண்ணாமலையில் இந்த வார்டில் எந்த வீட்டில் போய்த் தண்ணீர் கேட்டாலும் இதே டம்ளரில் கொடுக்க வாய்ப்பு உண்டு. அது ஒரு கதை, சொல்கிறேன்.

உங்கள் பெயர் சிந்துஜா என்றீர்கள். சென்னையில் தேர்தல் சீர்திருத்தத்துக்காகச் சங்கம் வைத்திருக்கிறீர்கள், உள்ளாட்சித் தேர்தல் வருவதற்குள் ஒரு புத்தகம் போடுகிறீர்கள். ஓட்டுக்குக் காசு கொடுத்ததை ஊரறிய ஒப்புக்கொண்டு பதவியை உதறிய கவுன்சிலர் என்று என் மனைவி தனத்துக்கு அதில் ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறீர்கள். அச்சுக்குப் போகிற தாளைக் காட்டினீர்கள். தலைப்பில் தனம். உள்ளே ஒரே ஓர் இடத்தில் 'அவருடைய கணவர்' என்று நான் வருகிறேன். தவறொன்றும் இல்லை. அந்த ரிக்கார்டரை மட்டும் கொஞ்சம் என் பக்கம் தள்ளுங்கள். நான் மைக் செட் கடை வைத்திருப்பவன், எவ்வளவு தூரத்தில் வைத்தால் குரல் எப்படிப் பதியும் என்று தெரியும்.

காசு கொடுக்காமல் இந்த நாட்டில் ஒரு வார்டைக்கூட ஜெயிக்க முடியாது. இது என் உறுதியான கருத்து. அனுபவத்தில் சொல்கிறேன். எண்பத்தாறில் நகராட்சித் தேர்தல் வந்தபோது சுயேச்சையாக நின்றேன். வேங்கிக்காலில் அப்பா விட்டுப்போன மனையை விற்று, ரியாசுதீன் பாய் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளராக வாங்கினேன். ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டி வீட்டுக்கு ஒன்று கொடுத்தேன். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். டெபாசிட் போனது. பாய் மட்டும் கடைவாசலில் நிறுத்தி, "வுடு மூர்த்தி, உள்ளூர் மாடு விலை போவாது. ஆனா டம்ளரு நல்ல கனம், உன் பேரு நிக்கும்" என்றார்.

எண்பத்தொன்பதில் எங்கள் ஊரை வைத்துத் தனி மாவட்டம் பிரித்தார்கள். பிற்பாடு கலெக்டர் ஆபீஸ் வேங்கிக்காலுக்கு வந்தது. நான் விற்ற மனையில் இன்று மாடி வீடு நிற்கிறது. அந்த வழியாகப் போனால் நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போவேன்.

அதற்குப் பிறகு பத்து வருடம் உள்ளாட்சித் தேர்தலே இல்லை. தொண்ணூற்றாறில் வந்தது. இந்த முறை விடுவதில்லை என்று இருந்தேன். எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். சரி, கையெழுத்தை நீ போடு, கவுன்சிலர் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தனத்திடம் சொன்னேன். ஊரில் பாதிப் பேர் அப்படித்தானே செய்தார்கள்.

"எனக்கு எதுக்குங்க இதெல்லாம்? குழாயாண்ட நிக்கவே நேரம் பத்தல" என்றாள்.

குழாயடிதான் அவளுடைய ராஜ்ஜியம். முனிசிபல் தண்ணீர் வந்தால் எங்கள் தெருவில் ரத்தம் சிந்தாமல் அடங்காது. தனம்தான் குடங்களை வரிசை கட்டி, கைக்குழந்தைக்காரிக்கு முதல் குடம், மற்றவர்களுக்கு அப்புறம் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தாள். கடைசியில் தன் குடத்தைப் பிடிப்பாள், பல நாள் தண்ணீர் நின்றுபோயிருக்கும். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

ஒருவழியாகத் தேர்தலில் நின்றாள். ஆட்டோவில் ரெண்டு ஹாரன் கட்டி, வார்டு முழுக்க நானே பேசுகிறேன் என்றேன். எத்தனையோ கட்சிக்குப் பேசிய குரல் இது. "மைக்கு வேணாங்க. நான் வூடு வூடா போயிட்டு வரேன்" என்றுவிட்டாள். சரி, கூடவாவது போவோம் என்று போனேன். ஒரு வீட்டில் சந்திரகலா என்கிற பெண் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள், என் டம்ளரில். தனம் திருப்பிப் பார்த்து, "இது ஏதும்மா?" என்று சிரித்தாள். "எங்க மாமியாருக்கு ஏதோ எலெக்சன்ல குடுத்ததுக்கா. எவனோ மூர்த்தியாம்" என்றாள் அந்தப் பெண். நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீரைக் குடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.

எதிர்த்து நின்றவள் காசியம்மாள், வட்டிக்கு விடுகிற சகாதேவனின் மனைவி. அவர்கள் பகலிலேயே கொடுத்தார்கள். வெற்றிலை பாக்குக்குள் நோட்டை மடித்து வைத்து, மஞ்சள் கிழங்கின் மேல் கையடித்துச் சத்தியம் வாங்கினார்கள். எங்கள் ஊரில் ரசீது கிடையாது, சத்தியம்தான். வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? 'தனமும் குடுப்பா, கடைசி நாள்ல குடுப்பா' என்று பேச்சு கிளம்பியது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். தனம் மூடினாள். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் கூட்டமாக இருந்த நேரம், உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றினாள். இன்னொரு கையை எங்கள் மகள் கவிநிலாவின் தலையில் வைத்தாள். குழந்தைக்கு அப்போது ஆறு வயது.

"நானோ என்னச் சேந்தவங்களோ யாருக்காவது ஒத்தப் பைசா குடுத்திருந்தா, இனிமே குடுத்தா, இந்தப் புள்ள எனக்குத் தங்க வேணாம்" என்றாள்.

எனக்குச் சாமி நம்பிக்கை கம்மி. ஆனால் ஒன்று உறுத்தியது. என்னைச் சேர்ந்தவர்கள் என்றால் யார்? நான்தானே. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எனக்கும் சேர்த்துச் சத்தியம் செய்துவிட்டாள்.

ஜெயித்தாள். கொஞ்சநஞ்சமாக இல்லை, காசியம்மாள் பக்கத்தில்கூட வரமுடியவில்லை. காசு வாங்கிய வீடுகளே மஞ்சள் சத்தியத்தை மீறி அவளுக்குப் போட்டிருந்தன. நான் மனையை விற்றுக் கொடுத்தும் கிடைக்காதது, குடத்தை வரிசையில் வைத்தவளுக்குக் கிடைத்தது. சந்தோஷப்பட்டேன், புருஷன் இல்லையா. மாலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து எனக்குப் பெயர் போயிற்று. கடைக்கு வருகிறவர்கள், "கவுன்சிலர் வூட்டுக்காரரு இருக்காரா?" என்று என்னிடமே கேட்டார்கள். காதுகுத்துக்கு மைக் செட் பேச வந்தவன்கூட, "அப்பிடியே அக்காகிட்ட எங்க சாக்கடையைப் பத்தி சொல்லிடுங்கணா" என்பான். நகராட்சிக் கூட்டத்துக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவேன். என்ன பேசவேண்டும் என்று சொல்லித்தர வாயெடுத்தால், "வேணாங்க, நானே பாத்துக்கறேன்" என்று இறங்கிப் போய்விடுவாள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நிற்பேன். சன்னல் வழியாக அவள் குரல் வரும். மைக் இல்லாமலே தெளிவாக வரும். வயிறு எரியும். அது யாருக்கும் எரியும், காத்திருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன், "நீ ஜெயிச்சது சும்மா இல்ல தனம். என் பேருக்கும் ஒரு மதிப்பு இருந்துச்சி." அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஆமாங்க, இருந்திருக்கும்" என்றாள். சண்டை போட்டிருக்கலாம். இருந்திருக்கும் என்றாள்.

தொண்ணூற்றெட்டில் கவிநிலாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. முற்றிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் நல்ல மனிதர். மருந்து வேலை செய்கிறது, நாலைந்து நாளில் தெளிந்துவிடும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறைத்தேன் என்று ஆகக்கூடாது. குழந்தை பிழைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். தனத்திடம் சொல்லலாம் என்றுதான் வராந்தாவுக்கு வந்தேன்.

வராந்தா முழுக்க எங்கள் வார்டுப் பெண்கள். ஒருத்தி கஞ்சி, ஒருத்தி கரும்புச் சாறு, ஒருத்தி கீழாநெல்லி. நடுவில் தனம். சந்திரகலா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க சத்தியம் சுத்தம். உங்க புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. நீங்கதான் அடுத்து சேர்மனு" என்றாள். நானும் அந்தக் குழந்தைக்கு அப்பன். எனக்கு ஒருத்தரும் உட்கார இடம் விடவில்லை. தூணில் சாய்ந்து நின்றேன்.

அவர்கள் போனபிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முக்கியமானதைச் சொல்லும்போது குரலை இறக்கவேண்டும், கேட்பவர்கள் தானாக நெருங்கி வருவார்கள். அது என் தொழில்.

"தனம், இந்த நேரத்துல சொல்லக் கூடாது. மனசு கேக்கல."

"இன்னாங்க?"

"எலெக்சன்ல நான் துட்டு குடுத்தேன். உனக்குத் தெரியாம. இல்லன்னா நீ தோத்திருப்ப."

அவள் என்னைப் பார்க்கவில்லை. குழந்தை படுத்திருந்த அறையின் கதவைப் பார்த்தாள். "துட்டு ஏதுங்க?" என்றாள். பெரிய ஆம்ப்ளிஃபயரை அந்த சமயத்தில் விற்றேனே, அந்தத் துட்டு என்றேன். விற்றது அவளுக்குத் தெரியும். யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்றாள். பாதி வார்டுக்கு மேல் என்றேன்.

"புள்ள தலையில கைய வச்சேனேங்க" என்றாள். அழவில்லை.

மறுநாள் காலையில், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல்முறையாக, என்னிடம் மைக் கேட்டாள். மாரியம்மன் கோயில் வாசலில் கட்டிக் கொடுத்தேன். ஹாரனை ரெண்டு பக்கமும் திருப்பி வைத்தேன், வால்யூமை நானே பார்த்துக்கொண்டேன். 'நான் ஜெயிச்சது துட்டுக் குடுத்து. என் சத்தியம் பொய். பதவி வேணாம், என் புள்ளையை மட்டும் வுட்டுடு தாயே' என்று பேசினாள். குரல் கடைசித் தெரு வரைக்கும் விழுந்தது. நல்ல செட்.

ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு வீடு வீடாகப் போனாள், மன்னிப்புக் கேட்க. இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டியது இருக்கிறது. ஊர் அவளைக் காறித் துப்பும் என்று நினைத்தேன். ஒருத்தரும் காசு கொடுத்ததற்காகக் கோபப்படவில்லை. "எங்களுக்கு வரலியே, ஏன்?" என்றுதான் கோபப்பட்டார்கள். "பக்கத்து வூட்டுக்குக் குடுத்துட்டு எங்கள வுட்டீங்களா?" என்றார்கள். பக்கத்து வீட்டில் போனால் அதற்கும் பக்கத்து வீட்டைக் காட்டினார்கள். சந்திரகலா கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "உன்ன நம்பி அலைஞ்சேனே, எனக்குக் குடுக்கத் தோணலியாக்கா?" என்று அழுதாளாம். காசு கொடுத்தாளா என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தனக்கு வராமல் அடுத்தவனுக்கு வந்திருக்கிறது என்பதை நம்புவதற்கு எவனுக்கும் சாட்சி தேவையில்லை.

ரியாசுதீன் பாய் ஒருவர்தான் என் கடைக்கு வந்தார். "வார்டு பூரா கேட்டுட்டேன் மூர்த்தி. வாங்கினவன் ஒருத்தன்கூட இல்லியே, அது எப்பிடிப்பா?" என்றார்.

"வாங்கினவன் எவன் பாய் ஒத்துப்பான்?" என்றேன். இன்றைக்கு நீங்கள் வந்தவுடன் அதே கேள்வியைக் கேட்டீர்கள். உங்கள் சங்கம் கேட்கிற சட்டமெல்லாம் வரட்டும், செலவுக்கு உச்சவரம்பு வரட்டும், கொடுத்தவனை உள்ளே வைக்கட்டும். கொடுத்தார்கள் என்கிற பேச்சுக்கு என்ன சட்டம் போடுவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அவள் மன்னிப்புக் கேட்டு முடித்த அன்றே குழந்தைக்குக் கண்ணில் மஞ்சள் போய் வெளுத்துவிட்டது. டாக்டர் சொன்ன கணக்குப்படி சரியான நாள்தான். தனத்துக்கு அது வேறு மாதிரி புரிந்தது. சத்தியம் பொய் என்பதற்கு இனி அவளுக்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. கத்திரி வெயில் முடிகிறவரைக்கும் தினம் உச்சிப் பொழுதில் செருப்பில்லாமல் மலையைச் சுற்றுவதாக வேண்டிக்கொண்டாள்.

கத்திரியில் எங்கள் ஊர்த் தார் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. நாய்கூட நிழலை விட்டு நகராது. அவள் நடந்தாள், நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். குடைக்குள் வரமாட்டாள். நிழல் பட்டால் விலகி நடப்பாள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு எதிரில் ரூம் வாடகைக்கு விடுகிறவர்கள், டீக்கடைக்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு புருஷனா" என்று ஓர் அம்மாள் என் காதுபடச் சொன்னாள். "மூர்த்தி அண்ணன்டா அது" என்றான் ஒருவன். பெயரைச் சொன்னான். அந்தப் பத்துப் பதினைந்து நாளில்தான் இந்த ஊர் என்னைப் பார்த்தது.

அவள் பாதம் கொப்புளமாகி, உடைந்து, மறுபடி கொப்புளித்தது. ராத்திரி நான்தான் மஞ்சள் பற்றுப் போட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடையை நிறுத்தியிருப்பாள், அது உண்மை. சொல்ல எனக்கு நேரமும் இருந்தது. மோர் வாங்கிக் கொடுத்தேன்.

அடி அண்ணாமலை தாண்டி ஒருநாள் விழுந்தாள். மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். உடம்பு கொதித்தது. "புள்ளைக்கு இனிமே ஒண்ணும் ஆவாதில்லங்க?" என்று கேட்டாள். ஆகாது என்றேன். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

கவிநிலா கீழ்பென்னாத்தூரில் மாமன் வீட்டில் வளர்கிறாள், பெரிய பெண்ணாகிவிட்டாள். தீபத்துக்கு மட்டும் வருவாள். "என்னாலதானேப்பா அம்மா செத்தாங்க?" என்று போன வருடமும் கேட்டாள். "அப்பிடியெல்லாம் நெனைக்காதம்மா" என்றேன். இல்லை என்று சொல்லவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாங்கினவர்கள் ஒருவர்கூட ஏன் கிடைக்கவில்லை? கொடுக்கவில்லை அம்மா. ஒத்தப் பைசா கொடுக்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் புகைந்துபோனதால் காயலான் கடையில் போட்டேன், அந்தக் காசு கடை வாடகைக்கே பத்தவில்லை. தனத்துக்கு விழுந்தது அத்தனையும் தனத்துக்காகவே விழுந்தது. அது அவளுக்குத் தெரியாதபடி செய்தேன், ஊருக்கும் தெரியாதபடி செய்தேன்.

கணக்கு முழுசாக இருக்கட்டும், இன்னொன்றும் சொல்கிறேன். அந்தத் தேர்தலில் சகாதேவன்தான் என் மைக் செட்டை வாடகைக்கு எடுத்திருந்தான். வாடகை கொடுக்க வந்தபோது வெற்றிலையையும் நீட்டினான். "உங்க வூட்டு ஓட்டு வேணாங்கணா, உங்க ஓட்டு மட்டும் போதும்" என்று சிரித்தான். வாங்கினேன், மஞ்சளில் கையடித்தேன். பெட்டியில் காசியம்மாளுக்கே குத்திப் போட்டேன். யோசித்துப் பார்த்தால், எனக்குத் தெரிந்து அந்த வார்டில் சத்தியத்தைக் காப்பாற்றியவர்கள் நானும் தனமும்தான்.

நீங்கள் ஏன் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டீர்கள்? குடியுங்கள். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கட்டின பெண்டாட்டி மேல் எவனுக்காவது பொறாமை வருமா? கூடவே குடை பிடித்துக்கொண்டு நடந்தவன் நான். அத்தியாயத்தைத்தான் மாற்றி எழுத வேண்டியிருக்கும். அவள் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிட்டது, அவள் பெயர் தலைப்பில் இருப்பது சரியில்லை. அங்கே என் பெயரைப் போடுங்கள். தனத்தின் கணவர், கவுன்சிலர் வீட்டுக்காரர் என்றெல்லாம் வேண்டாம். டம்ளரில் இருக்கிறதே, அந்த மாதிரி, மூர்த்தி என்று தனியாகப் போடுங்கள்.